நாற்பது வெட்டு, ஒரு பொன்னாடை

கல்விக் கடல் டாக்டர் மெய்கண்டநாதனுக்கு ஒன்றரை அடி பின்னால் நிற்பதுதான் இருபத்திரண்டு வருடமாக என் உத்தியோகம். மேடையில் அவருக்குப் பொன்னாடை போர்த்துவார்கள். புகைப்படக்காரர் தலையசைத்ததும் அய்யாவின் வலது கை அதை உருவிப் பின்னால் நீட்டும். அங்கே என் இடது கை இருக்கும். அவர் திரும்பிப் பார்த்ததில்லை, நான் தவறவிட்டதில்லை. வாங்கியதை எட்டாக மடித்துப் பையில் வைப்பேன். அடுத்த கூட்டத்தில் அதே பொன்னாடை வேறு யாருடைய தோளிலாவது ஏறும். தென் மாவட்டங்களில் மொத்தமே முப்பது பொன்னாடைகள்தான் புழக்கத்தில் இருக்கின்றன என்பது என் அனுமானம். பிரமுகர்கள்தான் அதிகம்.

அய்யாவின் மணிவிழாவை மகுடத் தீவில் கொண்டாடுவது என்று முடிவானது. தூத்துக்குடியிலிருந்து கப்பலில் இரண்டு மணி நேரம். கடலில் மண்ணைக் கொட்டி எழுப்பிய தீவு. கரை இறங்கினால் முதலில் பனிமலை. அதன் உச்சியில் ஐஸ் உருகாமல் இருக்க ஒரு சின்ன ஊருக்கான மின்சாரம் செலவாகிறது. அதைச் சுற்றி ராட்சத ராட்டினங்கள், தலைகீழாக ஓடும் ரயில், வாயைத் திறந்து மூடும் முதலை. நடுவில் எழுநூறு மேஜைகள் கொண்ட சூதாட்ட மாளிகை. வாஸ்து பார்த்துக் கட்டியது. ராகு காலத்தில் அங்கே சுழல்சக்கரம் சுற்றாது, சீட்டு விழாது. அந்த ஒன்றரை மணி நேரம் என்ன செய்வதென்று தெரியாமல் கோடீசுவரர்கள் தங்கள் மனைவிகளிடம் பேசிக்கொண்டிருப்பார்கள்.

அய்யா இவற்றுக்காக வரவில்லை. ‘களம்’ என்ற அரங்கத்துக்காக வந்தார். போன வருடம் அவருடைய சகலை, ‘கல்விப் பெருங்கடல்’ ஆவுடையப்பன், தன் மணிவிழாவில் அங்கே ராஜா வேடம் கட்டி இருபத்தைந்து வெட்டு வாங்கிச் சிரித்துக்கொண்டே வெளியே வந்திருந்தார். இருவருக்கும் பொறியியல் கல்லூரிகள் இருந்தன, எதிரெதிரே. கடலுக்கு மேல் பெருங்கடல் என்று பட்டம் வைத்துக்கொண்ட நாளிலிருந்து அய்யாவுக்குச் சரியான தூக்கமில்லை.

களத்தின் மேலாளர் ஷெர்லின், நேரே விஷயத்துக்கு வரும் பெண். முதல் நாள் காலையில் எங்களை உட்காரவைத்து விளக்கினாள்.

“கத்தி நிஜம் சார். வெட்டும் நிஜம். ரத்தமும் உங்களோடதுதான். வலி மட்டும் உங்களோடது இல்ல.”

“பெறகு யாரோடது?” என்றார் அய்யா.

“கீழ ஒரு அறையில ஒருத்தங்க இருப்பாங்க. தாங்கின்னு சொல்லுவோம். உங்க உடம்புல படுற வலியெல்லாம் அவங்களுக்குப் போயிரும். உங்களுக்கு யாரோ தோளைத் தட்டுன மாதிரிதான் இருக்கும். காயத்துக்குத் தைலத் தொட்டி இருக்கு. அறுந்து விழுந்ததுகூட முளைச்சிரும். பத்துப் பதினஞ்சு நாள்ல தழும்புகூடத் தெரியாது.”

வலியைத் திருப்பிவிடும் கருவி ஒரு பொன்னாடைக்குள் இருந்தது. அதன் ஜரிகை பிடரியில் படும்படி ஒரு கொக்கி. கொக்கி கழன்றால் வலி சொந்தக்காரருக்கே வந்துவிடும். வெளிநாட்டுப் பொறியாளர்கள் முதலில் அதைத் தலைக்கவசமாகத்தான் செய்தார்களாம். முகம் மறைகிறது என்று நம் பிரமுகர்கள் மறுத்துவிட்டார்கள். பிறகு ஓர் ஆய்வு நடத்தி, நூற்றுக்கு நூறு பிரமுகர்களும் பொன்னாடை என்றால் மறுக்காமல் தோளைக் காட்டுவார்கள் என்று கண்டுபிடித்தார்கள். எவ்வளவு நேரம் போட்டிருப்பார்கள் என்பதை அந்த ஆய்வில் யாரும் கேட்கவில்லை.

“பாதியில நிறுத்தணும்னா?” என்று நான் கேட்டேன்.

“தாங்கி கையில ஒரு பொத்தான் இருக்கும். அவங்க கட்டைவிரல் ரேகைக்கு மட்டுந்தான் வேலை செய்யும். அமுக்குனா எல்லாம் நின்னுரும். வலிக்கிறவங்கதானே சார் நிறுத்தணும்?”

அது மிக நியாயம் என்று அய்யா சொன்னார். மாளிகையில் பந்தயம் கட்டுகிறவர்கள் ராஜா மேல் கட்டுவதில்லை என்பதையும் ஷெர்லின் சொன்னாள். எத்தனையாவது வெட்டில் தாங்கி பொத்தானை அமுக்குவாள் என்பதில்தான் பந்தயம்.

எதிரிப் படை இயந்திர வீரர்கள். அவற்றுக்கு எந்த முகம் வேண்டுமானாலும் பொருத்தலாம். ஒரு பட்டியலைக் காட்டினாள். அய்யா பட்டியலைத் தள்ளிவைத்துவிட்டு, செல்போனில் ஒரு குடும்பக் கல்யாணப் படத்தை எடுத்து, ஆவுடையப்பனின் முகத்தைப் பெரிதாக்கிக் காட்டினார்.

“நாப்பது பேரு. நாப்பதுக்கும் இதே மூஞ்சி. ஆளுக்கு ஒரு வெட்டு.”

அன்று பிற்பகல் ஒத்திகை. கூட்டம் இல்லை, கேமரா இல்லை. அதனால் பொன்னாடை அவர் தோளிலேயே இருந்தது. ஒரே ஓர் ஆவுடையப்பன் வந்து வணங்கி, அவர் முன்கையில் ஒரு சாண் நீளத்துக்கு வாளை இழுத்தது. தோல் விரிந்து வெள்ளையாகத் தெரிந்து பிறகு சிவந்தது. அய்யா அந்தக் காயத்தை, அடுத்த வீட்டுக்கு வந்த கடிதத்தைப் படிப்பதுபோலக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சிரித்தார்.

“தாங்குதாளான்னு பாத்துட்டு வாடே” என்று என்னைக் கீழே அனுப்பினார்.

எண்பத்து நான்கு படிகள். கடைசிப் படியிலேயே அந்தச் சத்தம் கேட்டது. வாயில் துணியைக் கடித்துக்கொண்டு கத்தும் சத்தம். சின்ன அறை, இரும்பு நாற்காலி, சுவரில் ஒரு திரை, ஒரு விளக்கு. விளக்கு சிவப்பாக எரிந்தது. நாற்காலியில் நாற்பது வயதுப் பெண் ஒருத்தி தன் முன்கையை மற்றக் கையால் இறுக்கிப் பிடித்தபடி முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தாள். கையில் ஒரு கீறல் இல்லை. கண் ஓரத்தில் நரம்பு வெடித்து ரத்தம் கட்டியிருந்தது.

பெயர் இசக்கியம்மாள் என்றாள். மூச்சு சீரானதும் என் சட்டைப் பையில் குத்தியிருந்த கல்லூரிச் சின்னத்தைப் பார்த்தாள்.

“அய்யா காலேசுல இருந்தா வாறிய?”

அவள் மகள் சுபாஷினி எங்கள் கல்லூரியில் இரண்டாம் வருடத்தோடு நின்றுவிட்டவள். நின்று போனவர்களின் அசல் சான்றிதழ்களை நாங்கள் திருப்பித் தருவதில்லை. அது எங்கள் கல்லூரியின் ஒழுக்கக் கொள்கைகளில் ஒன்று. மகளுக்கு இப்போது நர்சிங் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. பத்தாவது, பன்னிரண்டாவது மதிப்பெண் பட்டியல் இல்லாமல் சேர்க்கமாட்டார்கள். இசக்கியம்மாள் எட்டு முறை அலுவலகத்துக்கு நடந்திருக்கிறாள். அந்தச் சான்றிதழ்கள் இருக்கும் பீரோவின் சாவி என் இடுப்பில்தான் தொங்குகிறது என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை.

“நாளைக்கு அவியளுக்கு நாந்தான் தாங்கப்போறேன். எம் மவ சர்டிபிகேட்டை மட்டும் குடுக்கச் சொல்லுங்கய்யா. வேற ஒண்ணும் வேண்டாம்.”

இது அவளுக்குப் பன்னிரண்டாவது முறை. ஒரு ஆளின் உடம்பு பத்து முறைதான் தாங்கும் என்று தீவின் மருத்துவரே சொல்லியிருக்கிறாராம். பதினொன்றைத் தாண்டிய இரண்டு பேர் இதே நாற்காலியில் உட்கார்ந்தபடி இறந்துபோனார்கள். ஒருவர் பத்தொன்பதாவது வெட்டில், ஒருவர் இருபத்திரண்டில்.

நான் மேலே போய் அய்யாவிடம் சொன்னேன். அவர் கையைத் தைலத்தில் ஊறவைத்துக்கொண்டு முறுக்குத் தின்றுகொண்டிருந்தார். கொஞ்சம் யோசித்தார்.

“நாப்பது வெட்டு முடியிற வரைக்கும் அவ பொத்தானை அமுக்கக் கூடாது. ஆவுடையப்பனோட தாங்கி இருபத்தஞ்சுல அமுக்கிட்டா. இவ நாப்பதும் தாங்கட்டும், சர்டிபிகேட்டைக் கையில குடுத்துருவோம். இடையில அமுக்குனா, பீரோவுலயே கிடக்கட்டும். சொல்லிரு.”

சொல்லிவிட்டேன். அவள் தலையை ஆட்டினாள். “நாப்பதா?” என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் ராகு காலம் கழிந்து விழா தொடங்கியது. எட்டாயிரம் பேர். முன்வரிசையில் நிஜ ஆவுடையப்பன், கைகூப்பியபடி. அய்யாவின் பட்டங்களை வாசிக்கவே பதினோரு நிமிடம் ஆனது. மார்புக் கவசம், கிரீடம், வாள், நெற்றியில் வெற்றித் திலகம். களத்தின் வாசலில் ஷெர்லின் பொன்னாடையைக் கொண்டுவந்து தோளில் போர்த்தி, பிடரியில் கொக்கியை மாட்டினாள். கூட்டம் கைதட்டியது. புகைப்படக்காரர் தலையசைத்தார்.

அய்யாவின் வலது கை மேலே போயிற்று. உருவியது. பின்னால் நீண்டது.

என் இடது கை அங்கே இருந்தது.

கம்பிக் கதவு மூடிக்கொண்டது. அய்யா கையை உயர்த்திக் களத்தின் நடுவுக்கு நடந்தார். நான் மடித்துக்கொண்டிருந்தேன். ஆறாவது மடிப்பில் ஜரிகை விரலில் உறுத்தியபோதுதான் என் கையில் இருப்பது எது என்று உறைத்தது. சத்தம் போட்டேனா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் ஆவுடையப்பன் வந்து வணங்கியது. அய்யா மைக்கில் வீரவசனம் பேசிக்கொண்டிருந்தார். வாள் இடது தோளில் இறங்கியது. வசனம் நின்றது. அவர் அந்த இயந்திரத்தை, கல்லூரி வாசலில் தன் காரை மறித்த காவலாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். தனக்கு இப்படி நடக்கலாம் என்பதே அவருக்குப் புதிதாக இருந்தது. பிறகு அவருக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. அறுபது வருடத்தில் அவர் போட்டிராத சத்தம். எட்டாயிரம் பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

இரண்டாவது, தொடை. மூன்றாவது, வலது கை. மூன்று விரல்கள் மணலில் விழுந்தன, வாளும் விழுந்தது. அப்போதுதான் அய்யா திரும்பினார். இருபத்திரண்டு வருடத்தில் முதன்முறையாக எனக்கு நேரே திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

“நம்பி” என்று என் பெயரைச் சொன்னார். மைக்கில் அது அரங்கம் முழுக்கக் கேட்டது. குலதெய்வத்தைக் கூப்பிடுகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

நான் கம்பிக்கு வெளியே பொன்னாடையைத் தூக்கிக் காட்டினேன். நாலாவது ஆவுடையப்பன் அவர் காதை எடுத்தது.

ஷெர்லினிடம் ஓடினேன். அவள் தன் பலகையைக் காட்டினாள். பச்சை விளக்கு நிம்மதியாக எரிந்தது. “பச்சைன்னா தாங்கிக்கு ஒண்ணும் இல்லன்னு அர்த்தம் சார். உங்க தலைவர் நல்லா நடிக்கிறார்” என்றாள். நான் பொன்னாடையை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவள் வெளிறிப்போனாள். இங்கிருந்து நிறுத்த முடியாது, கீழே போங்கள் என்று கத்தினாள்.

எண்பத்து நான்கு படிகள். அந்த வயதிலும் ஓடினேன்.

இசக்கியம்மாள் துணியைப் பல்லுக்கிடையில் கடித்து, கண்களை இறுக மூடி, நாற்காலியின் கைகளைப் பற்றிக்கொண்டு காத்திருந்தாள். முகமெல்லாம் வேர்வை. நான் வந்த சத்தம் கேட்டுக் கண் திறந்து துணியை எடுத்தாள்.

“இன்னும் ஆரம்பிக்கலையா?”

திரையில் ஓடிய எண்ணைப் பார்த்து, “பதினொண்ணு ஆயிட்டு” என்றேன். பொன்னாடையைக் காட்டினேன். மூச்சு வாங்கியபடி நடந்ததைச் சொன்னேன். பொத்தானை அமுக்கு, அய்யாவுக்கு வலிக்கிறது என்றேன்.

அவள் திரையைப் பார்த்தாள். ஒரே முகம் கொண்ட வீரர்கள் வரிசையாக நின்றார்கள். ஒன்று அய்யாவின் முழங்காலுக்குப் பின்னால் வெட்டியது. அவர் குப்புற விழுந்தார். இரண்டு இயந்திரங்கள் அவரை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தி, மணலைத் தட்டிவிட்டு, விலகி நின்று கைகூப்பின. அடுத்தது வந்தது. வெட்டியது. மரியாதையில் ஒரு குறையும் இல்லை.

“செத்துருவாரா?”

“மாட்டாரு. சாகாத இடமாப் பாத்துத்தான் வெட்டும்.”

“நான் செத்திருப்பேன்லா?”

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். நாற்காலிக்குக் கீழே இருந்த பையிலிருந்து பொரிகடலைப் பொட்டலத்தை எடுத்து, ஒரு கை எனக்கும் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்.

“நாப்பது வரைக்கும் அமுக்கக் கூடாதுன்னு அவியதான சொன்னாவ. பெரிய மனுசரு சொன்னதை நாம மீறலாமா?”

பதினெட்டு. பத்தொன்பது. அந்த எண்ணில் அவள் மெல்லுவதை நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் சும்மா இருந்தாள். இருபத்திரண்டிலும் அப்படியே. திரையில் மணல் கருத்துக்கொண்டே வந்தது. அய்யாவின் கிரீடம் மட்டும் அசையாமல் இருந்தது. நன்றாகப் பொருத்தியிருந்தார்கள். அவர் நொண்டிக்கொண்டு ஓடப் பார்த்தார், தவழ்ந்து பார்த்தார், முன்வரிசையைப் பார்த்து “சகலை, நிறுத்தச் சொல்லும்” என்று கெஞ்சினார். எந்த ஆவுடையப்பனிடம் கெஞ்சுகிறார் என்று அரங்கத்தில் யாருக்கும் புரியவில்லை. நிஜமானவர் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்.

முப்பத்து மூன்றாவது வெட்டு முதுகில் விழுந்தது. அய்யா “அம்மா” என்றார். சத்தமாகக்கூட இல்லை.

இசக்கியம்மாளின் கட்டைவிரல் பொத்தான் மேல் போயிற்று. அந்த வலி எப்படி இருக்கும் என்று அந்தத் தீவிலேயே அவளுக்குத்தான் தெரியும்.

“இப்ப அமுக்குனா சர்டிபிகேட் கிடைக்குமாய்யா?”

கிடைக்கும் என்று சொல்லியிருக்கலாம். இருபத்திரண்டு வருடமாக அலுவலக வாசலில் நிற்கும் தாய் தகப்பன்மாரிடம் அடுத்த வாரம் கிடைக்கும், அடுத்த மாதம் கிடைக்கும் என்று சொன்னவன்தான் நான். சாவி இடுப்பில் கனத்தது.

“கிடைக்காது” என்றேன்.

அவள் விரலை எடுத்தாள். திரையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். மீதி ஏழையும் நான் சொல்ல அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். நாற்பது என்றதும் மேலே மணி அடித்தது. பச்சை விளக்கு அணைந்தது.

அய்யாவைத் துணியில் சுற்றித் தைலத் தொட்டிக்குக் கொண்டுபோனார்கள். மாளிகையில் பெரிய கூச்சல். அமுக்கவே மாட்டாள் என்று கட்டியிருந்த ஒரே ஒரு சேலத்துக்காரர் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனார். ஷெர்லினும் அவளுக்கு மேலே உள்ளவர்களும் ஒரு அறையில் என்னை உட்காரவைத்தார்கள். பொன்னாடை எங்கே என்றார்கள். பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தேன். எட்டாக மடித்திருந்தது.

“அய்யா வேண்டாம்னு குடுத்துட்டாக” என்றேன்.

அதில் ஒரு பொய்யும் இல்லை. எட்டாயிரம் பேர் பார்த்தது அதைத்தான். மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எங்கள் கருவி பழுது, எங்கள் பாதுகாப்பு ஓட்டை என்று அறிவிப்பதா, இதை அறிவிப்பதா? மாலைக்குள் தீவு முழுக்கப் பதாகை ஏறியது: ‘தன் வலியைத் தானே தாங்கிய ஒரே வேந்தர்.’

ஒன்பதாம் நாள் அய்யாவுக்குப் பேச்சு வந்தது. தைலத்துக்கு மேலே முகம் மட்டும் தெரிந்தது. புதுக் காது குழந்தையுடையதுபோல இளஞ்சிவப்பாக முளைத்திருந்தது. அவர் முதலில் என்னைப் பெற்றவளைப் பற்றி நாலு வார்த்தை சொன்னார். நான் செய்தித்தாள்களை ஒவ்வொன்றாக விரித்துக் காட்டினேன். எல்லாவற்றிலும் முதல் பக்கம். அவர் படித்தார். திரும்பப் படித்தார். என்னை வேலையிலிருந்து நீக்கினால் காரணம் சொல்லவேண்டியிருக்கும் என்பது அவருக்குப் புரிந்துகொண்டே வருவது அந்த முகத்தில் மெல்ல மெல்லத் தெரிந்தது.

கடைசித் தாளையும் படித்து முடித்ததும் கேட்டார்.

“அந்தப் பொம்பள இதையா பதினோரு தடவை தாங்குனா?”

“ஆமாய்யா.”

அவர் கண்கள் கலங்கின. தைலமாகவும் இருக்கலாம். மேற்கூரையைப் பார்த்தபடி நெடுநேரம் கிடந்தார். ஒரு மனிதர் மாறுவதை அருகிலிருந்து பார்க்கப்போகிறேன் என்று நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“அப்ப அவளுக்கு ஒரு பொன்னாடை போத்திருவோம்” என்றார்.

அந்த வாரமே கல்லூரிக்குப் போய்ப் பீரோவைத் திறந்தேன். சுபாஷினியின் சான்றிதழ்களை எடுத்தேன். அதே அலமாரியில் இன்னும் நானூறு பேருடையவை இருந்தன. எடுத்தது அந்த ஒன்றை மட்டும்தான். அதற்குமேல் எனக்குத் தைரியம் இருந்ததில்லை. தீவின் படகுத்துறையில் காத்திருந்த இசக்கியம்மாள் அதை வாங்கி, ஒவ்வொரு தாளாகப் புரட்டி மகள் பெயரைத் தடவிப் பார்த்துவிட்டு, ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். அய்யா பொன்னாடை போர்த்த விரும்புகிறார் என்று சொன்னேன்.

“அதை அவியளையே வச்சுக்கிடச் சொல்லுங்க. தேவைப்படும்” என்று சொல்லிவிட்டுப் படகில் ஏறினாள்.

தேவைப்பட்டது. தாங்கியோடு இருபத்தைந்து வெட்டு வாங்கியவர் என்ற கேலியைத் தாளமுடியாமல் ஆவுடையப்பன், தாங்கியில்லாமல் ஐம்பது என்று சுவரொட்டி ஒட்டினார். ஒட்டிய மறுநாளே அவருக்கு முதுகில் பிடிப்பு, மருத்துவர் ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டார். அதற்குள் எங்கள் பக்கத்திலிருந்து அறுபது என்று சுவரொட்டி ஏறிவிட்டது. அய்யாவைக் கேட்காமல் யார் ஒட்டினார்கள் என்று இன்றுவரை விசாரணை நடக்கிறது. விசாரணை அதிகாரி நான்தான்.

அடுத்த வருடம் அதே களம், அதே முன்வரிசை, அதே பட்டங்கள், கூடுதலாக ஒன்று. பதினாறாயிரம் பேருக்கு இடம் போதவில்லை. ராகு காலம் கழிந்தது. ஷெர்லின் பொன்னாடையைக் கொண்டுவந்து அய்யாவின் தோளில் போர்த்தி, பிடரியில் கொக்கியை மாட்டினாள். கீழே நாற்காலியில் புதிதாக ஒருத்தி, வாயில் துணியோடு உட்கார்ந்திருந்தாள்.

கூட்டம் அமைதியானது. அய்யா அதைக் கழற்றிக் கொடுக்கும் அந்தக் கணத்துக்காகத்தான் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். புகைப்படக்காரர் தலையசைத்தார். அய்யாவின் வலது கை மேலே போகவில்லை. இரண்டு கைகளும் பொன்னாடையின் ஓரத்தை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தன. மூன்று விரல்கள் மற்றவற்றைவிட வெளுப்பாக இருந்தன. புகைப்படக்காரர் மறுபடி தலையசைத்தார். முன்வரிசையில் ஆவுடையப்பன் எழுந்து, சுற்றிலும் பார்த்துச் சிரித்தபடி, மெதுவாகக் கைதட்டத் தொடங்கினார். அரங்கம் சேர்ந்துகொண்டது.

அய்யா திரும்பினார். இரண்டாம் முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

நான் ஒன்றரை அடி பின்னால் நின்றிருந்தேன். இடது கை, எப்போதும் நீட்டும் இடத்தில் நீண்டிருந்தது.

கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு பொன்னாடை வந்தது. பிடித்திருந்த இடம் வேர்வையில் நனைந்திருந்தது. எட்டாக மடித்துப் பையில் வைத்தேன்.